வெர்னர் ஃபோர்ஸ்மான்

வெர்னர் தியோடோர் ஓட்டோ ஃபோர்ஸ்மான் (ஆகஸ்ட் 29, 1904 – ஜூன் 1, 1979) ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் ஆவார். 1929 ஆம் ஆண்டில், பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தமது இடது கைச் சிரை ஒன்றின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் நுனியைத் தம் இதயத்தின் வலது மேலறை வரை கொண்டு சென்றார். குழாய் இதயத்தை அடைந்ததை எக்ஸ்-கதிர்ப் படம் மூலம் உறுதிப்படுத்தினார். உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் குழாய் செலுத்தப்பட்டது படத்துடன் பதிவு செய்யப்பட்டது இதுவே முதல் முறை. இதற்காக 1956 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

இன்று ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் பொருத்துதல் என்று அறியப்படும் சிகிச்சைகள் அனைத்துக்கும் இவரது சோதனையே தொடக்கம் எனலாம். எக்ஸ்-கதிரின் துணையால் இதயத்துக்குள் வழி காணும் இம்முறை, நோயாளியின் உடல் ஏற்கும் கதிர்வீச்சு என்னும் வினாவையும் உடன் கொண்டுவந்தது. அவ்வினா இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

ஃபோர்ஸ்மான் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை யூலியுஸ் ஃபோர்ஸ்மான் சட்டம் பயின்றவர். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். தாய் எம்மி. பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. முதல் உலகப் போரில் தந்தை போர்க்களத்தில் உயிரிழந்தபின் இவர் தாயின் பொறுப்பில் வளர்ந்தார்.

பெர்லினில் பள்ளிப் படிப்பை முடித்த இவர், 1922 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். படிப்பை முடித்ததும் அறுவை மருத்துவப் பயிற்சிக்காக 1929 இல் பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிறு நகரத்தின் ஆகஸ்ட் விக்டோரியா மருத்துவமனையில் சேர்ந்தார். அங்குத் தலைமை மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஷ்னைடர் இவரது குடும்பத்துக்கு அறிமுகமானவர்.

பின்புலம்

அக்காலத்தில் இதயம் தொடக்கூடாத உறுப்பாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் வெளிப்பொருள் ஒன்று நுழைந்தால் துடிப்பு நின்றுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். இதயம் நின்றுபோகும் நிலையில் உள்ள நோயாளிக்கு, மார்பின் வழியே நீண்ட ஊசியை நேராக இதயத்துக்குள் குத்தி மருந்து செலுத்தும் வழக்கம் இருந்தது. அந்த ஊசி இதயத்தின் குருதிக்குழாய்களையோ நுரையீரலையோ கிழித்துவிடும் ஆபத்து இருந்ததால், அது வேறு வழியில்லாதபோது மட்டுமே கையாளப்பட்டது.

விலங்குகளில் நிலைமை வேறு. பிரெஞ்சு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார் 1844 இல் குதிரையின் இதயத்துக்குள் வெப்பமானியைச் செலுத்தி அளவெடுத்திருந்தார். ஒகுஸ்த் ஷோவோ, எத்தியேன் ழூல் மாரே ஆகிய இருவரும் 1861 ஆம் ஆண்டளவில் குதிரையின் கழுத்துச் சிரை வழியே குழாய் செலுத்தி இதய அறைகளின் அழுத்தத்தைப் பதிவு செய்தனர். குதிரைக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. இச்சோதனையைப் பற்றிய நூற்படம் ஒன்றே ஃபோர்ஸ்மானின் சிந்தனையைத் தூண்டியது. குதிரையால் தாங்க முடிந்ததை மனிதனாலும் தாங்க முடியும் என்பது அவர் வாதம். கழுத்துச் சிரைக்குப் பதிலாக முழங்கை மடிப்பில் உள்ள சிரையைத் தேர்ந்தெடுத்தார். முதலில் இறந்தோர் உடல்களில் முயன்று பார்த்தார். கைச் சிரையில் செலுத்திய குழாய் தடையின்றி இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்தது.

தன் உடலில் செய்த சோதனை

தம் திட்டத்தை ஷ்னைடரிடம் கூறியபோது அவர் இசையவில்லை. நோயாளிகளிடத்தும் செய்யக்கூடாது, தன்மீதும் செய்துகொள்ளக்கூடாது என்று தடுத்தார். ஃபோர்ஸ்மான் அத்தடையை மீறினார்.

இவர் வெளியிட்ட கட்டுரையின்படி, சோதனை இருமுறை நடந்தது. முதல் முறை உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் உதவினார். குழாய் 35 செ.மீ. வரை சென்ற நிலையில், இதற்கு மேல் செல்வது ஆபத்து என்று கருதிய அவர் நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து ஃபோர்ஸ்மான் தனியாகவே முயன்றார்.

கருவிகள் இருந்த அலமாரியின் பொறுப்பு கெர்டா டிட்சன் என்னும் செவிலியிடம் இருந்தது. ஃபோர்ஸ்மான் அவரிடம் பேசித் தம் கருத்தை ஏற்கச் செய்தார். டிட்சன், சோதனையைத் தம் உடலில் செய்யும்படி கேட்டுக்கொண்டார். ஃபோர்ஸ்மான் அதற்கு இசைந்தவர் போல நடித்து, அவரை அறுவைப் படுக்கையில் படுக்கவைத்துக் கட்டினார். பின்னர் அவர் பார்வையில் படாமல் தமது இடது முழங்கை மடிப்பில் மரப்பு மருந்து ஏற்றி, தோலைக் கீறிச் சிரையைத் திறந்து, சிறுநீரக நாளத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். ஏமாற்றப்பட்டதை டிட்சன் உணர்ந்தபோது குழாய் வெகுதூரம் சென்றிருந்தது. கட்டுகளை அவிழ்த்ததும் அவர் உதவிக்கு வந்தார்.

இருவரும் எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்றனர். கையிலிருந்து குழாய் தொங்கிய நிலையிலேயே ஃபோர்ஸ்மான் படிக்கட்டுகளைக் கடந்தார். செய்தி அறிந்து ஓடிவந்த பீட்டர் ரோமைஸ் என்னும் மருத்துவர் குழாயைப் பிடுங்கிவிட முயன்றதாகவும், ஃபோர்ஸ்மான் அவரைத் தடுத்ததாகவும் கூறப்படுகிறது. எக்ஸ்-கதிர்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே பிடிக்கப்பட்ட கண்ணாடியில் திரையின் பிம்பத்தைப் பார்த்தபடி, ஃபோர்ஸ்மான் குழாயை 65 செ.மீ. வரை செலுத்தினார். நுனி வலது மேலறையில் இருந்தது. உடனே எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. குழாய் சென்ற வழியில் சற்று வெப்ப உணர்வு இருந்ததைத் தவிர வேறு துன்பம் எதையும் அவர் குறிப்பிடவில்லை.

இந்த எக்ஸ்-கதிர்ப் படமே சோதனையின் சான்றாகும். படம் இல்லாவிடில், குழாய் இதயத்தை அடைந்தது என்பது ஒருவரது கூற்றாக மட்டுமே நின்றிருக்கும்.

வெளியீடும் எதிர்ப்பும்

படத்தைக் கண்ட ஷ்னைடர், தடையை மீறியதற்காகச் சினந்தாலும், சோதனையின் மதிப்பை உணர்ந்தார். இதயத்துக்கு மருந்து செலுத்தும் பாதுகாப்பான வழி என்ற முறையில் அதனை எழுதுமாறு அறிவுறுத்தினார். இறக்கும் நிலையிலிருந்த நோயாளி ஒருவருக்கு இம்முறையில் மருந்து செலுத்தவும் ஃபோர்ஸ்மானுக்கு இசைவளிக்கப்பட்டது. அந்நோயாளி பிழைக்கவில்லை, எனினும் மருந்தை இதயத்துக்குள் செலுத்துவது இயலும் என்பது தெளிவாயிற்று.

வலது இதயத்துக்குள் குழாய் செலுத்துதல் குறித்த இவரது கட்டுரை 1929 நவம்பரில் கிளினிஷே வோகன்ஷ்ரிஃப்ட் என்னும் மருத்துவ வார இதழில் வெளிவந்தது. இதற்கிடையில் இவர் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில், ஃபெர்டினாண்ட் ஸாவர்ப்ருக் என்னும் முன்னணி அறுவை மருத்துவரிடம் பணியில் சேர்ந்திருந்தார். நாளேடுகள் செய்தியைப் பெரிதுபடுத்தின. ஸாவர்ப்ருக் இதனை முறையான அறுவை மருத்துவமாக ஏற்கவில்லை. ஃபோர்ஸ்மான் அப்பணியை இழந்து எபர்ஸ்வால்டேவுக்கே திரும்பினார்.

யார் முதலில் செய்தார் என்ற பூசலும் எழுந்தது. ஃபிரிட்ஸ் பிளைக்ரோடர், எர்ன்ஸ்ட் உங்கர் ஆகியோர் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனிதரின் குருதிக்குழாய்களுக்குள் குழாய்களைச் செலுத்தி, அதனை 1912 இல் வெளியிட்டிருந்தனர். முதன்மை தங்களுக்கே உரியது என்று உங்கர் வாதிட்டார். ஆனால், குழாய் இதயத்தை அடைந்ததைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம் எதையும் அவர்கள் வெளியிட்டிருக்கவில்லை.

நிறமிச் சோதனைகள்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பும் உலோகமும் தெளிவாகத் தெரியும். குருதியும் இதயத்தசையும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உடையவை; ஆதலால் இதய அறையின் உட்புறம் தனித்துத் தெரியாது. எக்ஸ்-கதிரைத் தடுக்கவல்ல அயோடின் சேர்மத்தைக் குழாய் வழியே செலுத்தினால் உட்புற வடிவம் திரையில் தெரியும் என்று ஃபோர்ஸ்மான் கருதினார். முதலில் முயல்களிலும் நாய்களிலும் இதனைச் செய்து பார்த்தார். பின்னர் தம் உடலிலேயே முயன்றார். இதன் முடிவுகள் 1931 இல் வெளியிடப்பட்டன. அவர் உடலில் எடுத்த படங்கள் தெளிவாக அமையவில்லை. அக்கால நிறமிகளும் படக்கருவிகளின் வேகமும் அதற்குப் போதுமானவையாக இல்லை. ஆயினும், இன்றைய ஆஞ்சியோகிராம் முறையின் அடிப்படை எண்ணம் இதுவே.

தம் உடலில் இவர் ஒன்பது முறை குழாய் செலுத்திக்கொண்டதாகக் குறிப்பிடப்படுகிறது. ஆதரவோ ஆய்வு வசதியோ கிடைக்காத நிலையில் இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரியல் துறைக்கு மாறினார். 1933 இல் மருத்துவரான எல்ஸ்பெட் எங்கல் என்பாரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

அரசியலும் போரும்

ஃபோர்ஸ்மான் 1932 இல் நாட்சிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு அது. இவர் வாழ்வை எழுதுவோர் தவிர்க்க இயலாத செய்தி இது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றினார். போரின் முடிவில் அமெரிக்கப் படையினரிடம் போர்க் கைதியானார். 1945 இல் விடுவிக்கப்பட்டார்.

கட்சி உறுப்பினராக இருந்த காரணத்தால், போருக்குப் பின் சில ஆண்டுகள் மருத்துவத் தொழில் செய்ய இவருக்குத் தடை இருந்தது. கருங்காட்டுப் பகுதியில் மரம் வெட்டும் வேலை செய்தார்; பின்னர் மனைவியுடன் சேர்ந்து நாட்டுப்புற மருத்துவராகப் பணியாற்றினார். 1950 இல் பாட் குரோய்ட்ஸ்நாக் நகரில் சிறுநீரியல் மருத்துவராகத் தொழில் தொடங்கினார்.

கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆய்வுகள்

ஃபோர்ஸ்மான் கைவிட்ட பாதையை அட்லாண்டிக்கின் மறுகரையில் இருவர் தொடர்ந்தனர். பிரான்சில் பிறந்த ஆந்த்ரே கூர்னானும் அமெரிக்கரான டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றினர். இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதை அறிவது அவர்கள் நோக்கமாக இருந்தது.

இதற்கான கணக்கை அடால்ஃப் ஃபிக் 1870 இலேயே வகுத்திருந்தார். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜனை ஏற்கிறது எனக் கொள்வோம். நுரையீரலிலிருந்து திரும்பும் ஒரு லிட்டர் குருதியில் 200 மி.லி. ஆக்சிஜனும், இதயத்தின் வலப்பக்கத்தை அடையும் ஒரு லிட்டர் குருதியில் 150 மி.லி. ஆக்சிஜனும் இருப்பின், ஒவ்வொரு லிட்டரும் 50 மி.லி. ஆக்சிஜனை நுரையீரலில் பெறுகிறது. 250 ஐ 50 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்ற விடை கிடைக்கும். கணக்கு எளிது. ஆனால் இதயத்தின் வலப்பக்கத்துக் குருதியை எடுப்பதற்கு அதுவரை பாதுகாப்பான வழி இல்லை. ஃபோர்ஸ்மானின் குழாய் அவ்வழியைத் தந்தது.

விலங்குகளில் முயன்றபின், 1941 முதல் மனிதரில் பெற்ற முடிவுகளை இருவரும் வெளியிட்டனர். போர்க்காலத்தில் காயத்தால் ஏற்படும் குருதிச் சுற்று அதிர்ச்சியை ஆராயவும், பிறவி இதயக் குறைகளை அறியவும் இம்முறை பயன்பட்டது.

நோபல் பரிசும் பிற்காலமும்

1954 இல் பெர்லினில் உள்ள ஜெர்மானிய அறிவியல் கழகம் இவருக்கு லைப்னிட்ஸ் பதக்கம் அளித்தது. 1956 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, இவர் பாட் குரோய்ட்ஸ்நாக்கில் சிறுநீரக நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவராகவே இருந்தார். சோதனை நடந்து 27 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டில் மைன்ஸ் நகரின் யோஹான்னஸ் குட்டன்பெர்க் பல்கலைக்கழகம் இவரை மதிப்புறு பேராசிரியராக்கியது.

1958 இல் டூசல்டோர்ஃப் நகரின் எவாங்கெலிஷ மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பிரிவின் தலைவரானார். பரிசு கிடைத்தபோது இதய மருத்துவம் இவர் விட்டுச்சென்ற இடத்திலிருந்து வெகுதூரம் முன்னேறியிருந்தது. அத்துறையின் ஆய்வுக்கு இவர் திரும்பவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை 1972 இல் நூலாக வெளியிட்டார். 1979 ஜூன் 1 அன்று, ஷோப்ஃபைம் நகரில், இதய நோயால் காலமானார். இவர் மகன்களுள் ஒருவரான வொல்ஃப் கெயோர்க் ஃபோர்ஸ்மான் உடலியங்கியல் ஆய்வாளராகப் பெயர் பெற்றார்.

முறையின் வளர்ச்சி

ஃபோர்ஸ்மானின் குழாய் சிரை வழியே இதயத்தின் வலப்பக்கத்தை மட்டுமே அடைந்தது. பிற்காலத்தில் தமனி வழியே இடப்பக்கத்தையும், இதயத்தசைக்குக் குருதி தரும் முடியுருத் தமனிகளையும் அடையும் முறைகள் உருவாயின.

- 1953: சுவீடனின் ஸ்வென் ஈவார் செல்டிங்கர், தோலைக் கீறாமல் ஊசியும் கம்பியும் கொண்டு குழாய் செலுத்தும் முறையை வெளியிட்டார்.
- 1958: அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ், முடியுருத் தமனிக்குள் நேரடியாக நிறமியைச் செலுத்திப் படமெடுத்தார்.
- 1964: சார்லஸ் டாட்டர், கால் தமனியின் அடைப்பைக் குழாய் மூலம் விரிவாக்கினார்.
- 1977: ஆந்திரியாஸ் குருயன்ட்சிக், சூரிக் நகரில் முடியுருத் தமனி அடைப்பைப் பலூனால் விரித்தார்.
- 1986: முடியுருத் தமனியில் முதன்முதலாக ஸ்டென்ட் பொருத்தப்பட்டது.

இவற்றுள் ஒவ்வொரு படியிலும் மருத்துவருக்குக் கண்ணாக இருந்தது எக்ஸ்-கதிரே. நோயறிவதற்கு மட்டும் பயன்பட்ட கதிர், இப்போது சிகிச்சை முடியும்வரை எரியும் விளக்காக மாறியது. அதனால் நோயாளி கதிரின் கீழ் இருக்கும் நேரமும் நீண்டது.

நோயாளி ஏற்கும் கதிர்வீச்சு

வரலாறு

எக்ஸ்-கதிர் 1895 இல் கண்டறியப்பட்ட சில மாதங்களிலேயே தோல் எரிவு, முடி உதிர்வு ஆகியவை அறியப்பட்டன. தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி, எக்ஸ்-கதிர்த் திரைகளில் பணியாற்றியதால் புற்றுநோய்க்கு ஆளாகி இறந்தார். அது ஃபோர்ஸ்மான் பிறந்த 1904 ஆம் ஆண்டாகும். கதிர்வீச்சால் உயிரிழந்த மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936 இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது.

1928 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு மாநாடு, எக்ஸ்-கதிரை அளக்க ரான்ட்கன் என்னும் அலகை ஏற்றது. பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு ஒன்றையும் அமைத்தது. இன்றைய பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் அக்குழுவின் தொடர்ச்சியாகும். ஃபோர்ஸ்மான் திரைக்குப் பின் நின்றது இதற்கு அடுத்த ஆண்டில்.

அக்காலத் திரை மிக மங்கலானது. பிம்பத்தைக் காண மருத்துவர்கள் சிவப்புக் கண்ணாடி அணிந்தோ இருட்டறையில் காத்திருந்தோ கண்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1950களில் பிம்பத்தின் ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் குழாய்கள் பயன்பாட்டுக்கு வந்தன. பின்னர் கணினியுடன் இணைந்த தட்டை உணரிகள் வந்தன. ஒரு படத்துக்குத் தேவையான கதிர் குறைந்தது. ஆனால் சிகிச்சைகளின் எண்ணிக்கையும் சிக்கலும் பெருகின.

கதிரின் பாதை

இதயக் குழாய் சிகிச்சைக்கூடத்தில், எக்ஸ்-கதிர்க் குழலும் உணரியும் வில் வடிவக் கையொன்றின் இரு முனைகளில் இருக்கும். குழல் பொதுவாகப் படுக்கையின் கீழும், உணரி நோயாளியின் மார்புக்கு மேலும் அமையும். கதிர் முதுகின் வழியே நுழைந்து மார்பின் வழியே வெளியேறும். நுழைந்த கதிரில் மிகச் சிறு பங்கே உணரியை அடைகிறது. எஞ்சியது உடலில் உறிஞ்சப்படுகிறது அல்லது சிதறுகிறது. எனவே மிகுதியான கதிரை ஏற்பது முதுகுப்புறத் தோலாகும். சிதறும் கதிரே மருத்துவரையும் செவிலியரையும் தாக்குகிறது.

அளவுகள்

இரண்டு அலகுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் உறிஞ்சப்பட்டால் அது ஒரு கிரே. தோலுக்கு நேரும் தீங்கை மதிப்பிட இது பயன்படுகிறது. உறுப்புகளின் உணர்திறனைக் கணக்கில் கொண்டு முழு உடலுக்கும் மதிப்பிடப்படும் அளவு சீவர்ட் எனப்படுகிறது. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட்.

- மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று: சுமார் 0.02 மில்லிசீவர்ட்
- இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரி: ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட்
- நோயறியும் இதய ஆஞ்சியோகிராம்: சுமார் 7 மில்லிசீவர்ட்
- பலூன் விரிப்பு அல்லது ஸ்டென்ட் சிகிச்சை: சுமார் 15 மில்லிசீவர்ட்

இவை பொதுவான மதிப்புகள். நோயாளியின் உடற்பருமன், அடைப்பின் தன்மை, கருவி, மருத்துவரின் பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்து இவை பல மடங்கு மாறக்கூடும்.

தோல் பாதிப்பு

தோல் பாதிப்புக்கு ஒரு வாயில் அளவு உண்டு. அதற்குக் கீழே பாதிப்பு தோன்றுவதில்லை. அதைத் தாண்டினால் அளவுக்கேற்பக் கடுமையாகும். சுமார் 2 கிரே அளவில் சில மணி நேரத்தில் தோன்றி மறையும் சிவப்பும், 3 கிரே அளவில் தற்காலிக முடி உதிர்வும், 6 கிரே அளவில் ஏறத்தாழ பத்து நாட்களில் தெளிவான சிவப்பும் உண்டாகும். 15 கிரேயை மிஞ்சினால் தோல் உரிந்து நீர் கசியும் புண் ஏற்படலாம். மிகக் கடுமையான நிலையில் ஆறாத புண் உருவாகி, தோல் ஒட்டு அறுவை தேவைப்படும்.

பெரும்பாலான இதயச் சிகிச்சைகளில் இந்நிலை ஏற்படுவதில்லை. முற்றிலும் அடைபட்ட தமனியைத் திறப்பது போன்ற நீண்ட சிகிச்சைகளிலும், குறுகிய காலத்தில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் சிகிச்சைகளிலுமே இது நேர்கிறது. பாதிப்பு உடனே தெரியாது என்பதே இதிலுள்ள இடர். வாரங்கள் கழித்து முதுகில் சதுர வடிவில் தோன்றும் சிவப்பை, முன்பு செய்துகொண்ட இதயச் சிகிச்சையுடன் தொடர்புபடுத்த நோயாளியும் அறியார். அவர் நாடிச் செல்லும் தோல் மருத்துவரும் அறியாதிருக்கலாம். காரணம் அறியாமல் அவ்விடத்தில் சதையை வெட்டிச் சோதித்தால் புண் ஆறாமல் போகக்கூடும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994 இல் இத்தகைய தோல் காயங்கள் குறித்து மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2000 ஆம் ஆண்டில் இதற்கென வழிகாட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. இதயவியலுக்கான தனி வழிகாட்டியை 2013 இல் வெளியிட்டது.

நெடுங்கால இடர்

புற்றுநோய் இடருக்கு வாயில் அளவு இல்லை என்று கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்படுகின்றன. 10 மில்லிசீவர்ட் ஏற்கும் 2000 பேரில் ஒருவருக்கு அதனால் உயிர்போக்கும் புற்றுநோய் வரலாம் என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் மதிப்பீடு. இது மக்கள்தொகை அளவிலான கணிப்பு. தனி ஒருவருக்கு இன்னது நேரும் என்று கூறுவதன்று. மாரடைப்புக்கு ஆளான முதியவர் ஒருவருக்கு, அடைப்பை உடனே நீக்குவதால் கிடைக்கும் நன்மை இவ்விடரைக் காட்டிலும் மிகப் பெரியது. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளின் நிலை வேறு. அவர்களின் திசுக்கள் கதிருக்கு எளிதில் பாதிப்படைபவை. அவர்கள் வாழவேண்டிய ஆண்டுகளும் அதிகம். சிகிச்சைகளும் பலமுறை தேவைப்படுகின்றன. ஆதலால் அவர்களிடத்து மிகுந்த கவனம் தேவை.

குறைக்கும் வழிகள்

- கதிரைத் தொடர்ச்சியாகச் செலுத்தாமல் துடிப்புகளாகச் செலுத்துதல். நொடிக்கு 30 துடிப்புகளை 15 அல்லது 7.5 ஆகக் குறைத்தால் கதிர் அளவும் குறையும்.
- பதிவுப் படங்களைத் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்தல். பதிவின் ஒரு படத்துக்கு, வழிகாட்டும் படத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு கதிர் தேவை.
- உணரியை நோயாளிக்கு அருகிலும், குழலை இயன்றவரை தொலைவிலும் வைத்தல்.
- கதிர்க் கற்றையைத் தேவையான பரப்பளவுக்குச் சுருக்குதல்.
- ஒரே கோணத்தில் நெடுநேரம் நில்லாமல் கோணத்தை மாற்றி, ஒரே இடத்துத் தோல் முழு அளவையும் ஏற்காமல் பார்த்தல்.
- திரையைப் பார்க்காத நேரத்தில் மிதி விசையிலிருந்து காலை எடுத்தல்.

இக்காலக் கருவிகள், வில்லின் மையத்திலிருந்து குழலை நோக்கி 15 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியில் சேரும் கதிரளவைக் கணித்துத் திரையில் காட்டுகின்றன. அந்த எண் 5 கிரேயை எட்டினால், நோயாளிக்கு அதனைத் தெரிவித்து, முதுகுத் தோலைச் சில வாரங்கள் கவனிக்கச் சொல்வது பரவலான நடைமுறை. இவ்வெண்ணை மருத்துவக் குறிப்பில் எழுதுவதும், முந்தைய சிகிச்சைகளின் விவரத்தை நோயாளி மருத்துவரிடம் கூறுவதும் இன்றியமையாதவை.

மருத்துவப் பணியாளரின் கண்வில்லைக்கும் இடர் உண்டு. கண்புரை முன்பு எண்ணியதைவிடக் குறைந்த அளவிலேயே ஏற்படுகிறது என்பதால், கண்வில்லைக்கான வரம்பை ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் எனக் குறைக்குமாறு 2011 இல் பன்னாட்டு ஆணையம் பரிந்துரைத்தது.

மதிப்பீடு

ஃபோர்ஸ்மானின் செயல் துணிவுக்கு எடுத்துக்காட்டாகப் பல நூல்களில் கூறப்படுகிறது. அதே செயலில் மேலதிகாரியின் தடையை மீறியதும், உதவ முன்வந்த செவிலியை ஏமாற்றிக் கட்டியதும் அடங்கும். இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இத்தகைய சோதனையை ஏற்கா. எனினும், இடரைப் பிறர்மீது சுமத்தாமல் தன்மீது ஏற்றார் என்பது இவரைத் தனித்து நிறுத்துகிறது. இவரது அரசியல் சார்பு இவர்மீதுள்ள கறையாகவே கருதப்படுகிறது.

இவர் சோதனையில் மருத்துவரும் நோயாளியும் ஒருவரே. திரையைப் பார்த்தவரும் கதிரை ஏற்றவரும் ஒருவரே. அதன்பின் இம்முறை பரவியபோது அவ்விருவரும் வேறுவேறு ஆயினர். மிதி விசையில் கால் வைத்திருப்பவர் ஒருவர். அதன் விளைவை முதுகில் ஏற்பவர் மற்றொருவர். கதிரளவை அளந்து, குறித்து, நோயாளிக்கு அறிவிக்கும் விதிகள் அதனாலேயே தேவைப்படுகின்றன.

காலவரிசை

- 1904: பெர்லினில் பிறப்பு
- 1922: மருத்துவப் படிப்பில் சேர்தல்
- 1929: எபர்ஸ்வால்டேயில் தன்மீதான சோதனை, கட்டுரை வெளியீடு
- 1931: நிறமிச் சோதனைகள் வெளியீடு
- 1932: நாட்சிக் கட்சியில் சேர்தல்
- 1933: திருமணம்
- 1945: போர்க் கைதி நிலையிலிருந்து விடுதலை
- 1950: பாட் குரோய்ட்ஸ்நாக்கில் மருத்துவத் தொழில்
- 1954: லைப்னிட்ஸ் பதக்கம்
- 1956: நோபல் பரிசு
- 1958: டூசல்டோர்ஃபில் அறுவை மருத்துவப் பிரிவுத் தலைவர்
- 1972: தன்வரலாற்று நூல்
- 1979: மறைவு

இவற்றையும் பார்க்க

- வில்ஹெல்ம் ரான்ட்கன்
- எக்ஸ்-கதிர்
- ஆந்த்ரே கூர்னான்
- ஆந்திரியாஸ் குருயன்ட்சிக்
- முடியுருத் தமனி நோய்
- சீவர்ட்